பெயர் கொடுக்கலாமா, வேண்டாமா?

ஓய்வுக்காலக் கேள்விகளுக்கு, கருவூலத் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மதுரை அக்கா பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எனக்கு 63 வயது. கிராம சுகாதார செவிலியராக இருந்து மூன்று வருடம் முன்பு ஓய்வுபெற்றேன். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் கோவையில் இருக்கிறான், நான் திண்டுக்கல்லில் தனியாக. எங்கள் பகுதி மூத்த குடிமக்கள் சங்கத்தில் சேரச் சொல்லி இரண்டு பெரியவர்கள் வீடு தேடி வந்தார்கள். நுழைவுக் கட்டணம் 500 ரூபாய், மாதச் சந்தா 50. ஆயுள் சந்தா என்றால் 5,000. இன்னொரு பக்கம் ஓய்வூதியர் சங்கத்திலிருந்தும் கூப்பிடுகிறார்கள். மகனோ, "எதுக்கும்மா? வசூல் பண்ணிட்டுப் போயிடுவாங்க" என்கிறான். எனக்கும் தயக்கம்தான். அங்கே ஆண்கள்தான் அதிகம். 'மூத்த குடிமக்கள்' என்று பலகை மாட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தால் அன்றோடு கிழவியாகிவிடுவேனோ என்று இருக்கிறது. சேரலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இதே தயக்கம் எனக்கு ஆறு வருடம் இருந்தது, தங்கச்சி. 2012இல் ஓய்வுபெற்றேன். சங்கத்தில் பெயர் கொடுத்தது 2018இல்.

நான் சார் கருவூலத்தில் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்தவள். வெளிப்பக்கம் மனுக்கட்டோடு வந்து நிற்கும் சங்கச் செயலாளர்களைப் பார்த்தாலே எனக்கு அலுப்பு வரும். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எப்போதும் கையில் மஞ்சப்பை. யாரோ ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்தவரை, போட்டோவில் சான்றொப்பம் இல்லை, அது இல்லை, இது இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதிப்படி சரி. ஆனால் அந்த மூன்று குறையையும் முதல் நாளே சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

2017 அக்டோபரில் என் கணவர் தவறிப்போனார். அவரும் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர். குடும்ப ஓய்வூதியத்துக்கு நான் விண்ணப்பிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான படிவங்களைச் சரிபார்த்த கை, 'இறந்த தேதி' என்ற கட்டத்தில் அன்றைய தேதியை எழுதியது. அடித்தேன், மறுபடி தப்பாக எழுதினேன், அப்படியே மூடி வைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் அந்தத் தலைமை ஆசிரியர் வந்தார், அதே மஞ்சப்பையோடு. பழைய கதையை எடுக்கவே இல்லை. புதுப் படிவம் கொண்டுவந்திருந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பி, எந்த நகலில் எங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். சங்கத்தில் சேரச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. சில மாதம் கழித்து நானாகத்தான் போனேன்.

முதல் கூட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் அந்த மாதம் இறந்த உறுப்பினர்களின் பெயரைப் படித்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். துக்க வீட்டிலிருந்து வந்தவளுக்கு இன்னொரு துக்க வீடா என்று இருந்தது. அஞ்சலிக்கு அப்புறம் அந்த மாதம் பிறந்தநாள் கொண்டாடுபவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு போர்த்தினார்கள். அதற்கும் மேல் அகவிலைப்படி அரசாணை பற்றி முக்கால் மணி நேரம் ஒருவர் பேசினார். சுண்டல் மட்டும் நன்றாக இருந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு அரை மனதாகத்தான் போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு அம்மா, "போன தடவை முட்டி வலின்னு சொன்னீங்களே, டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். கணவர் போன பிறகு, முந்தைய மாதம் நான் சொன்னதை ஞாபகம் வைத்து ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதனால் நீங்கள் இப்போதே முடிவு எடுக்க வேண்டாம். பணம் கட்டாமல் மூன்று கூட்டம் போய் உட்காருங்கள். நல்ல சங்கம் என்றால் மறுக்க மாட்டார்கள். அங்கே ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: வராதவரைப் பற்றி யாராவது கேட்கிறார்களா? "அவர் ஏன் வரலை? போன் பண்ணினீங்களா?" என்ற பேச்சு காதில் விழுந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பேச்சாளர், பொன்னாடை, குரூப் போட்டோ இவையே மொத்தக் கூட்டமும் என்றால் நான் சேர மாட்டேன்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் சங்கத்தில் 43 பேர். அதில் தனியாக இருப்பவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டோம், ஒருவர் காலையில் நான்கு பேருக்குப் போன் செய்ய வேண்டும் என்று. என் பட்டியலில் 79 வயது அம்மா ஒருவர் இருந்தார். முதல் மணியிலேயே எடுப்பவர், ஒரு நாள் மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. அவர் தெருவிலேயே இருந்த இன்னொரு உறுப்பினரிடம் சொன்னேன். அவர் போய்க் கதவைத் தட்ட, உள்ளே குளியலறைப் பக்கமிருந்து குரல். முந்தின இரவு வழுக்கி விழுந்தவர் விடிய விடிய அங்கேயே கிடந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. மஸ்கட்டில் இருந்த மகளுக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியும். இன்றைக்கு அவர் வாக்கர் வைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருகிறார். அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. திண்டுக்கல் சங்கத்தில் அப்படி ஒன்று உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஆரம்பித்து வைக்கலாம். வீடு வீடாகப் போய்ப் பழகிய செவிலியருக்கு அது சொல்லிக் கொடுக்க வேண்டிய வேலை இல்லை.

பணத்துக்கு வருகிறேன். மகன் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அவனைக் கோபிக்காதீர்கள். ஆயுள் சந்தா இப்போது வேண்டவே வேண்டாம். ஒரு வருடம் மாதச் சந்தா கட்டுங்கள், 600 ரூபாய். நுழைவுக் கட்டணத்தோடு 1,100. அதற்கு ரசீது வாங்குங்கள். ரசீதில் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவு செய்த சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். "போன வருஷத் தணிக்கை அறிக்கையை ஒரு தடவை பார்க்கலாமா?" என்று பொருளாளரிடம் நிதானமாகக் கேளுங்கள். உடனே நோட்டை எடுத்து வைப்பவரிடம் தாராளமாகப் பணம் கட்டலாம். முகம் சுளிப்பவரிடம் வேண்டாம். மகன் ஊருக்கு வரும்போது அவனையும் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப் போய்ப் பின்வரிசையில் உட்கார வையுங்கள், அவனே பார்க்கட்டும்.

பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில், தானே மனுப் போட முடியாத முதியவருக்காக அவர் அனுமதித்த, பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு மனுப் போடலாம். நம் மாநிலத்தில் கோட்டாட்சியர்தான் அந்தப் பராமரிப்பு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தை நடத்துகிறார். எங்கள் உறுப்பினர் ஒருவர் வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே படுத்துக் கிடந்தார். அவரோடு சங்கத்திலிருந்து இரண்டு பேர் அந்த அலுவலகத்துக்குப் போனோம். தனியாகப் போயிருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார். "என் பிள்ளை மேல நானே எப்படி எழுதிக் குடுப்பேன்" என்று வழியெல்லாம் அழுதவர் அவர்.

பெண்கள் குறைவு என்பது உண்மைதான். மொத்தத்தில் எத்தனை பெண்கள், செயற்குழுவில் எத்தனை பேர், கூட்டம் இருட்டுவதற்குள் முடிகிறதா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, எல்லாம் பாருங்கள். காபி யார் போடுகிறார்கள் என்றும் பாருங்கள். எங்கள் சங்கத்தில் முதல் வருடம் பெண்கள் நாங்கள்தான் தம்ளர் கழுவினோம். தீர்மான நோட்டு ஆண்கள் கையில். ஒரு பொதுக்குழுவில் எழுந்து, நோட்டு எழுத எனக்குத் தெரியும் என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். 2021இலிருந்து நான்தான் பொருளாளர். நீங்கள் போனால் முதல் நாளே ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்வார்கள். மாதம் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று அப்போதே வரையறை சொல்லிவிடுங்கள். நீங்களும் அங்கே உட்காரத்தான் போகிறீர்கள்.

ஓய்வூதியர் சங்கம் வேறு ஜாதி வேலை. அகவிலைப்படி, நிலுவை, மருத்துவக் காப்பீடு, அரசாணை எல்லாம் அவர்கள் பாடு. தனி ஆள் எழுதும் மனு என்ன ஆகும் என்று ஜன்னலுக்குள் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், கூட்டாகப் போனால்தான் நகரும். டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் தினம் என்கிறோமே, 1982இல் அந்த நாளில்தான் டி.எஸ். நகரா என்ற ஓய்வூதியர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குப் கூடுதல் தொகை தரும் புதிய ஓய்வூதியக் கணக்கீடு கிடையாது என்று மத்திய அரசு கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு செல்லாது என்றது நீதிமன்றம். மனுதாரர்கள் மூன்று பேர். இருவர் ஓய்வூதியர்கள், மூன்றாவது 'காமன் காஸ்' என்ற பதிவு பெற்ற சங்கம். வழக்குப் போட வசதியில்லாத ஓய்வூதியர்களுக்காக அது வந்து நின்றது. அதனால் உங்களைக் கூப்பிடும் ஓய்வூதியர் சங்கத்துக்கும் ஆண்டுச் சந்தா கட்டிவிடுங்கள். கூட்டத்துக்குப் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை.

கிழவி விஷயம். சங்கத்துக்குப் போகாமல் இருந்த அந்த ஆறு வருடத்தில்தான் எனக்கு வயதாகியது என்று நினைக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணி வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். இப்போது கூட்டம் நடக்கும் இரண்டாம் ஞாயிறு வந்தால் எந்தப் புடவை என்று காலையிலேயே யோசிக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு முதியோர் அமைப்பு, உறுப்பினர்கள் 50,000 ரூபாய் 'நலநிதி' கட்டினால் மாதம் 1,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. சேரலாமா?
– வாசகர், தேனி

பதில்: வேண்டாம். மாதம் 1,000 என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். வங்கி தருவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சங்கத்தின் வேலை சந்தா வாங்குவது, வைப்புத்தொகை வாங்குவது இல்லை. அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவதைத் தடை செய்து 2019இல் சட்டமே வந்திருக்கிறது. ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதோடு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப் போடாதீர்கள். கையில் இருக்கும் பணத்துக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஐந்து வருடத் திட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி.

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது, அரசு ஓய்வூதியர். காது சரியாகக் கேட்காது. சங்கத்துக்குப் போகச் சொன்னால், "அங்க போய் பொம்மை மாதிரி உட்காரவா?" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகி, விருதுநகர்

பதில்: வற்புறுத்த வேண்டாம். காது கேட்காதவருக்குக் கூட்டம் பெரிய தண்டனை. நாற்பது பேர் சிரிக்கும்போது தான் மட்டும் எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உறுப்பினராக மட்டும் சேர்த்துவிட்டு, சங்கத்தில் அவர் வயதுக்காரர் ஒருவரை வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால் அவருக்கும் புரியும். உயிர்வாழ் சான்றுக்காகவும் அவரை அலைக்கழிக்க வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார், கட்டணம் 70 ரூபாய்.

இன்னொன்று. 80 நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். அப்பாவுக்கு வருகிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். அம்மா இருக்கிறார் என்றால் ஓய்வூதியப் புத்தகத்தில் அவருடைய பிறந்த தேதியும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு தேதி இல்லாததால் 84 வயது வரை இந்தக் கூடுதல் தொகையை வாங்காமலே இருந்த, குடும்ப ஓய்வூதியம் பெறும் ஒரு பாட்டியை என் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். அவரைக் கூட்டி வந்ததும் ஒரு சங்கத்துக்காரர்தான். புத்தகத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.