தேய்ந்த டயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரத்திலிருந்து மதுரைக்கு என் சொந்த பிக்கப்பில் காய்கறி ஏற்றிப் பிழைக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தை ஸ்டியரிங், சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டுகளான டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட் மாற்றி, முன்னால் 2 புது டயர் போட்டு, அலைன்மென்ட்டும் பார்த்தேன். 5,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, இரண்டு டயரும் உள்பக்கம் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன. கேட்டால் "ஓவர்லோடு அடிச்சிருப்பீங்க" என்கிறார்கள். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: கேட்கலாம். ஆனால் அந்த டயர்களைப் பழைய டயர்க்காரரிடம் தள்ளிவிட்டிருந்தால் பாதி வழக்கு போயிற்று. இருந்தால், ஓடோமீட்டரோடு சேர்த்துப் படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், வேறொரு அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். எதையும் திருகுவதற்கு முன், இப்போதிருக்கும் டோ (சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அளவுகளை பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சரிசெய்த பிறகு எடுத்த தாளால் நமக்குப் பயனில்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். ஆட்டம் இருந்தால், அது பால் ஜாயிண்டா பேரிங்கா என்பதை மெக்கானிக் எழுதிக் கொடுக்கட்டும். ஆட்டமுள்ள பால் ஜாயிண்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்த்தால் அளவு நிற்காது. புதிது போட்டதாக பில் இருக்கும்போது அதில் ஆட்டம் இருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அதைப் போட்டுக் கொடுத்தவர்.

"வியாபார வண்டி, நீ நுகர்வோரே இல்லை" என்றுதான் எதிர்த்தரப்பு தொடங்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-இன்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிரான லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: லாரியை வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர், உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் இருந்தாலும் சரி. முழுக்க வேறு ஆளை வைத்து ஓட்டினால் அந்தத் தகுதி இல்லை.

ஒரு நுணுக்கம். பழைய சட்டத்தின் விளக்கத்தில் பொருளோடு சேவையும் இருந்தது. புதியதில் பொருள் மட்டும்தான். அதனால் அலைன்மென்ட் கூலியை மட்டும் வைத்து மனு போடாதீர்கள். பார்ட்ஸ், டயர் பில்லை முன்னால் வையுங்கள். பில் இல்லாமல் துண்டுச்சீட்டுதான் என்றால், பணம் அனுப்பிய மொபைல் பதிவையும் சேருங்கள்.

ஓவர்லோடு விஷயத்தில் என்னிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எடை மேடைச் சீட்டுகளை ஆர்சியில் உள்ள எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாண்டியிருந்தால் அதை அவர்கள் கட்டாயம் கிளப்புவார்கள். தாண்டவில்லை என்றால் அந்தச் சீட்டுகளே உங்கள் பதில்.

முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். அசையவில்லை என்றால், ஒர்க்‌ஷாப் எங்கிருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். டயர் விலை, பார்ட்ஸ் விலை, வண்டி நின்ற நாள்களின் வருமானம் மூன்றையும் தனித்தனியே கணக்குப் போட்டு எடுத்து வாருங்கள்.