வாத்தியாரைக் கேளுங்கள்: லைன்

கே: 'லைன்' என்றால் கோடு என்கிறாள் என் மகள். நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. வீட்டுக்காரர் முறுக்கு, சேவு பாக்கெட் போட லைனுக்குப் போகிறார். கரண்ட் போனால் லைன்மேன் வருகிறார். இதில் எங்கே இருக்கிறது கோடு?
– வாசகி, அம்பாசமுத்திரம்

ப: கோட்டை விடுங்க தாயி, நூலைப் பிடிங்க. ஆளிவிதை தெரியுமில்லையா? அந்தச் செடிக்கு லத்தீனில் 'லீனும்'. அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. லினன் சட்டையும் லைனும் அந்த வழி வந்தவைதான். நூலை இழுத்துக் கட்டினால் கோடு. நம்ம கொத்தனார் இன்றைக்கும் நூல் பிடித்துத்தானே செங்கல் வைக்கிறார்? ஆசாரிமார் ஒரு இன்ச்சை 8 நூலாகப் பிரிப்பார்கள். அந்தக் கால இங்கிலீஷ்காரன் அதையே 12 லைனாகப் பிரித்தான்.

நூல் பிடித்த மாதிரி வரிசையாக நின்றாலும் லைன்தான். பட்டாளத்தில் கூடார வரிசைக்கு 'லைன்ஸ்' என்று பேர். அது தேயிலைத் தோட்டத்துக்கும் ஏறியது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலைக் காட்டிலும் தொழிலாளர் குடியிருப்பு லைன் வீடுகள்தான். இலங்கைத் தோட்டங்களில் 'லயன்', 'லயம்' என்று தமிழாகவே ஆகிவிட்டது. லண்டனில் போய் லைன் வீடு வாடகைக்குக் கேட்டால் முழிப்பான். அங்கே அது 'டெரஸ்' வீடு. நமக்கோ டெரஸ் என்றால் வத்தல் காயப்போடுகிற மொட்டைமாடி!

வீட்டுக்காரர் போகிற லைன், மாறாத தடம். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டதே, அப்படி ஒரே தடத்தில் போய்வரும் கப்பல் போக்குவரத்தும் இங்கிலீஷில் 'லைன்'. ஆகவே முறுக்குப் பாக்கெட்டை லேசாக நினைக்க வேண்டாம். லைன்மேனுக்கு லைன் என்றால் கம்பி, அவ்வளவுதான்.

பயல்கள் 'லைன் அடிப்பது' மட்டும் வெள்ளைக்காரனுக்குத் தெரியாத நம்ம சொந்தச் சரக்கு. அதற்கும் நம்மிடம் 'நூல் விடுவது' இருக்கிறது. இதை மகளிடம் சொல்ல வேண்டாம்.

கே: எங்கள் மானேஜர் மூச்சுக்கு மூச்சு 'டெட்லைன் டேட்' என்கிறார். இதில் 'டெட்' எதற்கு?
– வாசகர், பாளையங்கோட்டை

ப: நிசமாகவே செத்தவர்கள் உண்டு தம்பி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-ல், ஆண்டர்சன்வில் என்ற சிறைமுகாம். மதிலுக்கு உட்பக்கம் கொஞ்சம் தள்ளித் தாழ்வாக ஒரு கட்டை வேலி. அதைத் தாண்டுகிற கைதியைக் காவல்காரன் சுட்டுவிடலாம். அந்த வேலிதான் 'டெட்லைன்'. பத்திரிகை ஆபீஸ்காரர்கள் பிற்பாடு அதைக் கெடுவாக்கிக்கொண்டார்கள். (எங்கள் ஆசிரியர் போனில் கேட்கிற தோரணையைப் பார்த்தால், அர்த்தம் அதிகம் மாறவில்லை.)

டெட்லைனை 'மீட்' பண்ணலாம், 'மிஸ்' பண்ணலாம், 'எக்ஸ்டெண்ட்' பண்ணச் சொல்லிக் கெஞ்சலாம். 'டெட்லைன் டேட்' வேண்டாம். அது 'நடு சென்டர்', 'கேட்டு வாசல்' ரகம். மானேஜரிடம் நீங்கள் திருத்தப் போகாதீர்கள். இந்தப் பக்கத்தை மடித்து அவர் மேஜையில் வைத்துவிடுங்கள்.