முதல் நாளே வாங்க வேண்டுமா?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: புதிதாக வரும் கேமை வாங்கலாமா, வேண்டாமா? எது நல்ல கேம் என்று பட்டியல் போட்டால் அது மூன்று மாதத்தில் பழசாகிவிடும். எப்படிப் பார்த்து முடிவெடுப்பது என்று சொன்னால் அடுத்த வருஷமும் உதவும் என்பதால் பதில்களை அப்படியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம். ரொம்ப நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் கேம் அடுத்த மாதம் வருகிறது. முன்பதிவு செய்தால் ஒரு உடையும் ஒரு ஆயுதமும் இலவசமாம். இன்னும் கொஞ்சம் அதிகம் கொடுத்தால் இரண்டு நாள் முன்னாடியே ஆடலாமாம். போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒரு வாரம் பொறுங்கள், போதும்.

கேம் என்றாலே டிஸ்க் என்றிருந்த காலத்துப் பழக்கம் முன்பதிவு. கடைக்குப் பத்து டிஸ்க் வந்து இருபது பேர் கேட்டால் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் அர்த்தம் இருந்தது. டவுன்லோட் செய்து ஆடும் கேம் தீர்ந்துபோகாது, முதல் நாள் இருப்பதுதான் பத்தாம் நாளும் இருக்கும், அதற்குள் கோளாறுகளைச் சரிசெய்யும் ஒன்றிரண்டு பேட்ச் வந்து கொஞ்சம் சீராகவும் ஆகியிருக்கும்.

2020 டிசம்பர் 10-ல் வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ கதை பலருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதில் ஒரு விவரத்தை மறந்துவிடுகிறோம். வெளியீட்டுக்கு முன் வந்த விமர்சனங்கள் ஏறக்குறைய எல்லாமே பிசி பதிப்பை ஆடிப் பார்த்து எழுதியவை. பிளேஸ்டேஷன் 4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் எப்படி ஓடும் என்பது முன்பதிவு செய்தவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அது ஓடிய லட்சணத்தில் ஒரே வாரத்தில் சோனி தன் ஸ்டோரிலிருந்து அதை எடுத்துவிட்டது, திரும்ப வைக்க அடுத்த ஜூன் ஆகிவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது தாராளமாகப் பரிந்துரைக்கக்கூடிய கேம், மறுக்கவில்லை. ஆனால் அந்த 2.0 பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவே இல்லை! முதல் நாள் நம்பி வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த நல்ல கேம் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ 2016 ஆகஸ்டில் வந்தது, நண்பர்களோடு சேர்ந்து முழுமையாக ஆடும் வசதி அதில் வந்தது 2018 ஜூலையில்.

எல்லா கேமும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ‘பால்டர்ஸ் கேட் 3’ 2023 ஆகஸ்டில் வந்த அன்றே பிசியில் பிரமாதமாக இருந்தது. ஆனால் அதை ஒரு வாரம் கழித்து வாங்கியவர் எதை இழந்தார்? ஒன்றும் இல்லை. அந்த உடையும் ஆயுதமும் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே வேறு நல்லது கிடைத்து ஓரம் போய்விடும். இரண்டு நாள் முன்னாடி ஆடுவது என்றால், பேட்ச் வருவதற்கு முன்னால் ஆடுவதற்குக் கூடுதல் காசு கொடுப்பது என்றுதான் அர்த்தம்.

ஒரே ஒரு விதிவிலக்கு: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து முதல் நாளிலிருந்து ஒன்றாக ஆடப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் கழித்து வராது.

கேள்வி: ஒரே கேமுக்கு ஒரு தளத்தில் 10-க்கு 9, பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ‘கலவையான’ விமர்சனம் என்று இருக்கிறது. யாரை நம்புவது?

இரண்டு பேருமே உண்மை சொல்லியிருக்கலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே கேள்விக்கான பதில் இல்லை. ஸ்டீமில் இருப்பது மார்க் கிடையாது. அங்கே ஒருவர் பரிந்துரைக்கிறேன் அல்லது பரிந்துரைக்கவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். 80 சதவீதம் என்றால் நூறில் எண்பது பேருக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், கேமுக்கு 80 மார்க் என்று அர்த்தமில்லை. ‘கலவையான’ என்று வருவது 40 முதல் 69 சதவீதம் வரை. அதாவது பத்தில் ஆறு பேருக்குப் பிடித்த கேமும் அதே பெயரில்தான் நிற்கும். மெட்டாகிரிட்டிக் எண் வேறு கதை, விமர்சகர்கள் கொடுத்த மதிப்பெண்களின் சராசரி அது.

ஸ்டீமில் இரண்டு வரிகள் இருக்கும்: இதுவரை வந்த எல்லா விமர்சனங்கள், சமீபத்தில் வந்தவை. பழையது நன்றாக இருந்து சமீபத்தியது விழுந்திருந்தால் ஏதோ ஒரு அப்டேட் கேமைக் கெடுத்திருக்கிறது, இல்லையென்றால் நிறுவனம் எதையோ செய்து ஆட்களைக் கோபப்படுத்தியிருக்கிறது. தலைகீழாக இருந்தால் சரிசெய்துவிட்டார்கள்.

அப்புறம், பாராட்டைப் படிக்காதீர்கள், குறை சொன்னவர்களைப் படியுங்கள். என்னைக் கேட்டால் ஒரு கேமைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. பாராட்டுகிறவர் ‘அருமை, வாங்குங்கள்’ என்பதோடு நின்றுவிடுவார், திட்டுகிறவர்தான் காரணம் சொல்வார். விமர்சனத்துக்கு மேலே அவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்று இருக்கும், அதைப் பாருங்கள். 0.4 மணி நேரம் ஆடிவிட்டு ‘ஓடவே இல்லை, உடனே கிராஷ்’ என்று எழுதியிருந்தால் அது அவருடைய மெஷினைப் பற்றிய தகவல், உங்களுக்கும் அதே கிராபிக்ஸ் கார்டு என்றால் முக்கியமான தகவல். 60 மணி நேரம் ஆடிவிட்டு ‘கடைசிப் பகுதி முழுக்க ஒரே மாதிரி சண்டை’ என்றால் அது கேமைப் பற்றிய தகவல், அதிலும் அறுபது மணி நேரம் அவரை உட்கார வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ‘சண்டையே இல்லை, எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று ஒருவர் நொந்துபோய் எழுதியிருந்தால், கதைக்காக ஆடுகிறவருக்கு அதுவே வாங்குவதற்கான காரணம்.

இதெல்லாம் பார்த்தும் முடிவு வரவில்லையா, டிரெய்லரை மூடிவிட்டு, யாரும் பேசாமல் வெறுமனே ஆடிப் பதிவேற்றிய வீடியோ ஒன்றை எடுத்து நடுவிலிருந்து ஓட விடுங்கள். ஆரம்ப அரை மணி நேரம் வேண்டாம். எந்த நிறுவனமும் அதிக உழைப்பைக் கொட்டுவது அங்கேதான், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நடுவில் இருபது நிமிஷம் பார்த்து, ஆடுகிறவரின் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். வெறும் சமவெளியில் குதிரையை ஓட்டிக்கொண்டே இருக்கிறாரா, பையைத் திறந்து இருபது கத்திகளில் எதை எறிவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாரா, ஒரே எதிரியை ஐந்தாவது தடவையாக அடித்துக்கொண்டிருக்கிறாரா? நீங்கள் வாங்கினால் செய்யப் போவதும் அதுதான். பார்க்கும்போதே கை பரபரத்தால் வாங்குங்கள். வீடியோவைத் தள்ளி விடத் தோன்றினால் வேண்டாம்.

இன்னொன்று. வெளியாகும் நேரம் வரை விமர்சனங்கள் வரவிடாமல் நிறுத்தி வைத்திருந்தால் அன்றைக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவை என் கம்ப்யூட்டரோடு பொருந்துகிறது. அது போதுமா?

ஓடும். நன்றாக ஓடும் என்று அதற்கு அர்த்தமில்லை. குறைந்தபட்சம் என்று போடுவது பெரும்பாலும் எல்லா செட்டிங்கையும் கீழே இறக்கி, நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம், வருவதை வைத்துத்தான். சில நிறுவனங்கள் அதை வெளிப்படையாகவே போடுகின்றன, பல போடுவதில்லை. உங்கள் கார்டின் பெயரையும் கேமின் பெயரையும் சேர்த்துத் தேடினால் யாராவது ஓட்டிக்காட்டியிருப்பார்கள். அதில் சராசரி ஃபிரேமை மட்டும் பார்க்காமல், புது இடத்துக்குள் நுழையும்போதும் வேகமாகத் திரும்பும்போதும் படம் திக்கித் திக்கி நிற்கிறதா என்று பாருங்கள். மெஷின் நல்லதாக இருந்தாலும் கேம் மோசமாக இருக்கலாம்: 2015 ஜூனில் ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ பிசி பதிப்பை விற்பனையிலிருந்தே எடுத்தார்கள், திரும்ப விற்க ஆரம்பித்தது அக்டோபர் கடைசியில்.

ஸ்டீமில் வாங்குகிறீர்கள் என்றால் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைச் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள். முதலில் ஷேடர்கள் (ஒளி, நிழல், நிறத்தைக் கணக்கிடும் சிறு புரோகிராம்கள்) தயாராகும் திரை வந்தால் அந்த நேரமும் கணக்கில் ஏறும். பாத்திரத்தின் மூக்கையும் முடியையும் திருத்திக்கொண்டு உட்கார்ந்தால் அதிலேயே நாற்பது நிமிஷம் போய்விடும். முதல் தடவை கிடைக்கிற முகத்தோடு உள்ளே போய், செட்டிங்கைச் சரிசெய்து, கூட்டமோ சண்டையோ நிறைந்த ஒரு இடம்வரை ஆடிப் பாருங்கள். பிடித்தால் புதிதாக ஆரம்பித்து ஆசைதீர மூக்கைத் திருத்தலாம்.

கேள்வி: கன்சோலிலும் இப்படித் திருப்பிக் கொடுக்கலாமா?

அவ்வளவு எளிதில்லை. பிளேஸ்டேஷனில் 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் டவுன்லோட் ஆரம்பித்துவிட்டால், கேமிலேயே கோளாறு இருந்தால் ஒழிய, பணம் வராது. எக்ஸ்பாக்ஸில் கேட்டுப் பார்க்கலாம், எவ்வளவு ஆடினீர்கள் என்று பார்த்து முடிவெடுப்பார்கள். நின்டெண்டோவில் டிஜிட்டல் வாங்கினால் பொதுவாக வாங்கியதுதான். டெமோ இருந்தால் கட்டாயம் ஆடிப் பாருங்கள். டிஸ்க் போடும் வசதி உள்ள கன்சோல் என்றால் டிஸ்க்காகவே வாங்குங்கள், பிடிக்கவில்லை என்றால் இன்னொருவருக்கு விற்கலாம்.

கேள்வி: ஒரு கேம் நூறு மணி நேரம் ஓடுமாம், இன்னொன்று எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடுமாம், விலை ஏறக்குறைய ஒன்றுதான். நூறு மணி நேரம்தானே லாபம்? இரவு குழந்தை தூங்கியபிறகு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

கடைசி வரியில் நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள். தினமும் தவறாமல் ஆடினாலும் நூறு மணி நேரம் என்பது மூன்று மாதத்துக்கு மேல். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் எந்த பட்டன் எதற்கு, எதற்காக இந்தக் குகைக்குள் வந்தோம் என்பதே மறந்திருக்கும். ‘போர்ட்டல்’ 2007-ல் வந்தது, மூன்று நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒரு நிமிஷம்கூட வீண் கிடையாது. ‘ஹவ் லாங் டு பீட்’ தளத்தில் ஆடியவர்களே தந்த நேரக் கணக்கு இருக்கிறது, அதில் முக்கியக் கதைக்கு மட்டும் ஆகும் நேரத்தைப் பாருங்கள்.

உங்களுக்கு நீளத்தைவிட முக்கியம் வேறொன்று: நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா? இதை எந்த விமர்சனமும் தலைப்பில் போடுவதில்லை, சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். ‘எல்டன் ரிங்’ அற்புதமான கேம், ஆனால் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைக்கும் வழக்கமான பாஸ் பட்டன் கிடையாது, குழந்தை அழுதால் எதிரி காத்திருக்க மாட்டான். ‘ஹேடீஸ்’ ஒரு சுற்று அரை மணி நேரம் போல ஓடும், நடுவில் மூடினாலும் அதே அறையின் தொடக்கத்திலிருந்து தொடரலாம். உங்களுக்கு இரண்டாவது வகைதான் சரி.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் ஒரு புது கேம் கேட்டு நச்சரிக்கிறான். எனக்கு கேம் பற்றி எதுவுமே தெரியாது. எதைப் பார்ப்பது?

வயது முத்திரையைப் பாருங்கள் அம்மா. ஐரோப்பாவின் பெகி முத்திரையில் 3, 7, 12, 16, 18 என்று எண்ணே இருக்கும். அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி முத்திரையில் எழுத்தும், பக்கத்தில் காரணமும் இருக்கும். அதோடு நிற்காமல் கீழே உள்ள சின்ன எழுத்தையும் படியுங்கள்: கேமுக்குள் பணம் செலவழிக்கும் வசதி உண்டா, பணம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்றே தெரியாத பெட்டிகள் உண்டா என்று அங்கே குறிப்பிட்டிருப்பார்கள். 2017-ல் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’ இந்தப் பெட்டிகளால் பெரிய எதிர்ப்பைச் சந்தித்து, வெளியீட்டுக்கு முன்தினம் கேமுக்குள் பணம் வாங்குவதையே நிறுத்தி வைத்தது. காசு கொடுத்து வாங்கும் கேமிலும் இது உண்டு என்பதால் இலவச கேமில் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ரகசிய எண் (PIN) போட்டால்தான் வாங்க முடியும் என்று வைத்துவிடுங்கள், கார்டைச் சேமித்து வைக்காதீர்கள்.

முன்பின் தெரியாதவர்கள் மைக்கில் என்ன பேசுவார்கள் என்பதை எந்த முத்திரையாலும் மதிப்பிட முடியாது, அதனால் வாய்ஸ் சாட்டை அணைத்துவிட்டுக் கொடுங்கள். வாங்கும் முன் அவனையே பக்கத்தில் உட்கார வைத்து, இதில் என்ன செய்வாய், யாரோடு ஆடுவாய் என்று கேளுங்கள். ஆசையாகச் சொல்வான். அந்தப் பேச்சிலேயே உங்களுக்கு முக்கால்வாசி தெரிந்துவிடும்.

கேள்வி: எப்போதும் இணையத்தோடு இணைந்தே ஓடும் கேம் வாங்கலாமா?

இன்று எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23-ல் வந்து செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2014-ல் வந்த ‘தி க்ரூ’ 2024 மார்ச் 31-ல் சர்வர் நின்றதும் தனியாகக்கூட ஆட முடியாமல் போனது, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும்தான். காசு கொடுத்து வாங்கிய பொருள் இப்படிக் கையில் இருந்துகொண்டே செத்துப்போவது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். தனியாக, இணையம் இல்லாமல் ஆட வழி இருக்கிறதா என்பதை வாங்கும் முன் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ‘ஏர்லி ஆக்சஸ்’ என்று பாதி முடிந்த கேமை விற்கிறார்களே, வாங்கலாமா?

இன்று இருக்கும் நிலையிலேயே பிடித்திருந்தால் வாங்கலாம். அடுத்து என்னென்ன சேர்க்கப் போகிறோம் என்று போட்டிருக்கும் பட்டியலுக்காக வாங்காதீர்கள். ‘ஹேடீஸ்’ 2018 டிசம்பரில் இப்படித்தான் வந்து 2020 செப்டம்பரில் முழுமையானது, ஆனால் முடிக்காமலேயே கைவிட்ட கேம்களும் ஏராளம். கேமின் பக்கத்தில் கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று தேதி இருக்கும். போன மாதம் என்றால் யோசிக்கலாம், போன வருஷம் என்றால் விட்டுவிடுங்கள்.