ஷிஃப்டை மாற்றி மறைக்க வேண்டாம், தங்கச்சி

கொட்டாஞ்சேனைத் தங்கச்சிக்கு,

நீங்கள் கேட்டது இது: இங்கிலாந்துக்கு வந்து ஐந்து கிழமை, ஒஸ்கி (வெளிநாட்டு நேர்ஸ்மாருக்கு வைக்கும் செய்முறைச் சோதனை) இன்னும் முடியவில்லை, பெண்நோய் வாட்டில் விட்டிருக்கிறார்கள். கருக்கலைப்பில் கைவைக்க உங்கள் மனம் ஒப்பவில்லை. அதைச் சொன்னால் விசாவை நிறுத்தி அனுப்பிவிடுவார்களா, அல்லது சொல்லாமல் ஷிஃப்டை மாற்றி மாற்றிச் சமாளிக்கலாமா?

சொன்னதற்காக உங்களை வேலையால் நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. சமாளிக்கவோ, தயவுசெய்து வேண்டாம். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

நான் இப்போது லீவில் வெள்ளவத்தையில் அம்மா வீட்டில் நிற்கிறேன். இருபத்திரண்டு வருசமாக இங்கிலாந்தில் நேர்ஸ். நானும் கருக்கலைப்பில் கைவைப்பதில்லை. நீங்கள் கத்தோலிக்கர் என்பதால்தான் இந்தச் சலுகை கிடைக்கும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது பிழை. நான் சைவம். 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு எந்த மதம் என்று கேட்பதில்லை. மனச்சாட்சி ஒப்பாத எவரையும் அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் சிகிச்சையில் பங்கெடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. மனேஜரின் தயவில் கிடைப்பதல்ல அது, பாராளுமன்றம் தந்த உரிமை. விசா ஸ்பொன்சரை நினைத்துக் குனிந்துகொண்டு போய்க் கேட்காதீர்கள்.

ஆனால் அந்த உரிமையின் எல்லை நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. கிளாஸ்கோவில் இரண்டு மூத்த மருத்துவிச்சிகள், பிரசவ வாட்டைப் பொறுப்பாக நடத்தியவர்கள், கருக்கலைப்புக்கு ஆள் ஒதுக்குவதும் அவர்களை மேற்பார்வை செய்வதும்கூடத் தங்களுக்கு ஏலாது என்று வழக்குப் போட்டார்கள். 2013இல் ஸ்கொட்லாந்தின் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2014 டிசம்பரில் லண்டன் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். பங்கெடுப்பது என்றால் நேரே கைபட்டுச் செய்யும் வேலை என்று லேடி ஹேல் தீர்ப்பில் எழுதினார். மருந்து கொடுப்பது, வலி தொடங்கியபின் கூட நின்று பார்ப்பது, குழந்தை வெளியே வரும் வரை, நஞ்சுக்கொடி விழும் வரை உள்ள வேலைகள் எல்லாம் அதற்குள் வரும். ஆள் ஒதுக்குவது, ஷிஃப்ட் போடுவது, சாப்பாடு கொடுப்பது வராது. எல்லாம் முடிந்து கட்டிலில் கிடக்கும் பெண்ணுக்குச் செய்யும் சாதாரணப் பராமரிப்பும் வராது.

அந்தத் தீர்ப்போடு எனக்கு முழுதாக உடன்பாடில்லை. 'நீ போய்ச் செய்' என்று இன்னொருத்தியை அனுப்புவதிலும் என் கை இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் பெண்நோய் வாட்டில் பொறுப்புப் பதவி வந்தபோது நான் விண்ணப்பிக்கவில்லை, சிறுநீரக வாட்டுக்கு மாறினேன். சம்பளத்தில் அது தெரிந்தது. நீங்களும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் கடைசியாகச் சொன்ன விசயத்தில், முடிந்தபின் பராமரிக்கும் விசயத்தில், நீதிமன்றம் சொன்னது சரி. கொழும்பில் படித்த எங்களுக்கு இது புதிதும் அல்ல. இங்கே இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கல்லாமல் கருக்கலைத்தால் சிறை என்கிறது. ஆகவே 'செய்யவா, மறுக்கவா' என்ற கேள்வி பயிற்சிக் காலத்தில் எனக்கு வந்ததே இல்லை. வந்தவர்கள் வேறு ஆட்கள்: எங்கோ ஒரு பின்னறையில் கலைத்துவிட்டு, காய்ச்சலும் இரத்தப்போக்குமாக வந்து, கேட்டால் படியில் விழுந்தேன் என்று சொல்லும் பெண்கள். நாங்கள் சேலைன் ஏற்றினோம், உடுப்பு மாற்றினோம், தேத்தண்ணீர் கொடுத்தோம். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. எதையும் விசாரிக்கவும் இல்லை.

அப்படிப் பழகிய நான் இங்கிலாந்தில் முதல் வருசம் என்ன செய்தேன் தெரியுமா? உங்களைப்போலவே யாருக்கும் சொல்லாமல் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு திரிந்தேன். ஒரு இரவு மாற்ற முடியவில்லை. எல்லாம் முடிந்து வாட்டுக்கு வந்த ஒரு பெண் என் பொறுப்பில். பிரஷர் பார்த்தேன், எழுதினேன், முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன். அவ என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, தமிழோ?" என்று கேட்டா. எனக்குக் கேட்டது. கேளாதமாதிரிப் போனேன். விடியும் வரை அவ ஒருவரையும் கூப்பிடவில்லை. காலையில் கட்டில் விரிப்பு முழுக்க நனைந்து கிடந்ததை வேறொரு நேர்ஸ்தான் கண்டா. ஆபத்தாகவில்லை. ஆனால் ஆபத்தாகியிருக்கலாம். என் மனச்சாட்சியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்த இரவில் நான் செய்தது அதுதான்.

அடுத்த நாளே மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டு, "முதலே சொல்லியிருக்கலாமே" என்றா, அவ்வளவுதான்.

ஆகவே இந்தக் கிழமையே சொல்லுங்கள். நேர்ஸ்மாரைப் பதிந்து ஒழுங்குபடுத்தும் சபையான என்.எம்.சி.யின் நடத்தைக் கோவையும் இதைத்தான் கேட்கிறது: உடன் வேலை செய்பவர்களுக்கும் மனேஜருக்கும் நோயாளிக்கும் தெரியப்படுத்து, தகுதியான இன்னொருவர் பொறுப்பெடுக்க ஒழுங்கு செய். வாயால் சொன்ன பிறகு ஒரு மின்னஞ்சலும் போடுங்கள், ஏனென்றால் ஆட்சேபம் இருக்கிறது என்று நிரூபிக்கும் பாரம் சட்டத்தில் உங்கள் தலையில்தான் இருக்கிறது. தொழிற்சங்கத்தில், ஆர்.சி.என். அல்லது யுனிசனில், சேர்ந்துகொள்ளுங்கள். நோயாளிக்குச் சொல்லும்போது காரணம் விளக்க வேண்டாம். "உங்களை இன்னொரு நேர்ஸ் பார்ப்பா, இப்போதே கூட்டிவருகிறேன்" என்பது போதும்.

உயிர் ஆபத்து வந்தால் இந்த உரிமை கிடையாது. தாயின் உயிரைக் காக்கவோ, உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான பெரிய பாதிப்பைத் தடுக்கவோ தேவையான சிகிச்சை என்றால் நீங்கள் நிற்கத்தான் வேண்டும். அதை மனத்தில் ஏற்க முடியாவிட்டால் அந்த வாட்டிலிருந்து மாற்றம் கேளுங்கள்.

இன்னொன்று, இதில் புது ஆட்கள் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். இலங்கையில் தானாகக் கரு சிதைந்தாலும் சார்ட்டில் 'அபோர்ஷன்' என்று எழுதுவோம். இங்கிலாந்தில் அதற்கு 'மிஸ்கரேஜ்', கலைப்பதற்கு 'டெர்மினேஷன்' அல்லது டி.ஓ.பி. மிசோபிரொஸ்டோல் என்ற மருந்தை இரண்டுக்கும் கொடுப்பார்கள். மருந்துப் பெயரை மட்டும் பார்த்து மறுத்துவிடாதீர்கள். வயிற்றிலேயே குழந்தையை இழந்த ஒருத்தியின் முன்னால் நீங்கள் பின்வாங்கினால் அவ அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டா.

பிறகு சுவீடனில் இருக்கும் மச்சாளிடம் போகலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அங்கே இப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு இல்லை. வேலை மறுக்கப்பட்ட இரண்டு மருத்துவிச்சிகள் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2020இல் அவர்களின் முறைப்பாடு ஏற்கப்படவில்லை. யோசித்துச் செய்யுங்கள்.

நான் 14ஆம் திகதி திரும்புகிறேன். உங்கள் அப்பா ஏதும் தந்தனுப்ப விரும்பினால் அதற்கு முதல் வெள்ளவத்தைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ. பெட்டியில் ஐந்து கிலோ இடம் இருக்கிறது.