கொள்ளுக்காட்டில் ஒரு காக்கர் குட்டி

அன்புள்ள ஐயா,

நாய் வளர்ப்பு பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். மூன்று ஏக்கர் மானாவாரி, அதை ஒட்டி ஒரு கரடு. எனக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவேன். போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு காக்கர் ஸ்பேனியல் குட்டி வாங்கி வந்தேன். ஆண், நான்கு மாதம், பெயர் புல்லட். கொள்ளுக்காட்டில் இறக்கிவிட்டால் மூக்கைத் தரையில் வைத்தபடி ஓடுகிறது. போன ஞாயிறு ஒரு கௌதாரிக் கூட்டத்தையே கிளப்பி, கரடு வரைக்கும் துரத்திக்கொண்டு போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் தாத்தா துப்பாக்கி உரிமம் வைத்திருந்தவர். கௌதாரி வேட்டைக் கதைகள் சொல்லித்தான் எங்களைத் தூங்க வைப்பார். வெளிநாட்டு வீடியோக்களில் ஸ்பேனியல் பறவையைக் கிளப்புவதையும், விழுந்ததைக் கவ்விக்கொண்டு வந்து எஜமானிடம் கொடுப்பதையும் பார்க்கும்போது ஆசையாக இருக்கிறது. புல்லட்டை அப்படிப் பழக்க முடியுமா? வெடிச்சத்தத்துக்கு எந்த வயதில் பழக்க வேண்டும்? எங்கள் நிலத்தில், ஏர்கன்னால், வீட்டுக்கு ஒன்றிரண்டு மட்டும் என்றால் தவறா? இன்னொன்று. எதைத் தூக்கிப்போட்டாலும் ஓடிப்போய் எடுக்கிறது, ஆனால் என்னிடம் தராமல் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. "இது சோபாவில் உட்காரும் நாய், வேட்டைக்கு ராஜபாளையம் வாங்கியிருக்கணும்" என்று மாமா கேலி செய்கிறார்.

ச., பாலக்கோடு

அன்புள்ள ச.,

ஏர்கன் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தவறுதான், குற்றமும்கூட. சொந்த நிலமா, புறம்போக்கா, விற்கவா, வீட்டுக் குழம்புக்கா என்பதெல்லாம் கணக்கில் வராது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கௌதாரி, காட்டுக் காடை, முயல் எல்லாவற்றையும் காக்கிறது. சுடுவது மட்டும்தான் வேட்டை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணி வைப்பது, வலை விரிப்பது, பிடிப்பதற்காக விரட்டுவது, முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே அந்தச் சட்டப்படி வேட்டை. 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதிகப் பாதுகாப்பு தருகிற முதல் பட்டியலில் உள்ள உயிர்கள் என்றால் இன்னும் கடுமை. உங்கள் காட்டுக்கு வரும் மயில் அந்த முதல் பட்டியலில்தான் இருக்கிறது. துப்பாக்கியும் ஓட்டிப்போன வண்டியும் பறிமுதலாகும்.

இதனால் தாத்தாவைக் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. அவர் காலத்தில் உரிமத்தோடு வேட்டையாட வழி இருந்தது. 1972 சட்டத்திலேயே சிறு வேட்டைக்கு உரிமம் தரும் பிரிவு ஒன்று இருந்தது. 1991 திருத்தம்தான் அந்தக் கதவை மூடியது. கதைகளை வைத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கி வேண்டாம்.

நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் வேறு ஒரு ஏற்பாட்டில் எடுக்கப்பட்டவை. பிரிட்டனில் சுடுவதற்கென்றே ஃபெசன்ட் என்கிற கோழியினப் பறவையின் குஞ்சுகளைப் பண்ணையில் பொரித்து, வளர்த்து, தோப்புகளில் விடுகிறார்கள். இங்கிலாந்தில் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை அதற்குப் பருவம். நம் கரட்டில் இருக்கும் கௌதாரியை யாரும் வளர்த்து விடவில்லை. தானாகப் பிழைத்துக் கிடக்கிற நாலு ஜோடி அது.

சரி, புல்லட்டைப் பழக்க முடியுமா? தாராளமாக முடியும். அதுவும் துப்பாக்கி இல்லாமலே முக்கால்வாசிக்கு மேல் முடியும். ஸ்பேனியல் எதையும் கொல்வதில்லை. துப்பாக்கி வருவதற்கு முன்பே, வல்லூறுக்கும் வலைக்கும் பறவையைக் கிளப்பிக் கொடுத்த இனம் அது. காக்கரும் ஸ்பிரிங்கர் என்கிற பெரிய ஸ்பேனியலும் ஒரு காலத்தில் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள்தான். ஏறத்தாழ 11 கிலோவுக்குக் கீழே நின்றால் காக்கர், அதைத் தாண்டினால் ஸ்பிரிங்கர் என்று எடை பார்த்துப் பிரித்தார்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றே: புதருக்குள் மூக்கால் தேடுவது, இருப்பதைக் கிளப்புவது, சொன்னதும் போய்க் கொண்டுவருவது. கொண்டுவரும்போது பல் பதிந்தால் அந்த நாய் தேறாது என்று ஒதுக்கிவிடுவார்கள். அவ்வளவு மென்மையான வாய் வேண்டும்.

இந்த வேலைகளுக்கு நடுவில் இன்னொன்று இருக்கிறது. வீடியோ பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பறவை எழும்பிய அந்த நொடியில் நாய் என்ன செய்கிறது என்று மறுபடி போட்டுப் பாருங்கள். உட்கார்ந்துவிடும். துரத்தாது. பறவை போகும் திசையை மட்டும் பார்த்துக்கொண்டு, பின்பக்கம் தரையில் ஒட்டியது போல் இருக்கும். ஸ்பேனியல் பழக்குபவர்கள் மாதக்கணக்கில் உழைப்பது இந்த ஒன்றுக்காகத்தான். துரத்துகிற நாய் குறுக்கே வரும், குண்டு அதன் மேல் படும், பக்கத்துப் புதரில் இருக்கிற பறவைகளும் கலைந்துவிடும். ஆகவே புல்லட் கரடு வரைக்கும் துரத்திக்கொண்டு போனதை அங்குள்ள பயிற்சியாளர் யாராவது பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார். மோப்பம் பிறவியிலேயே இருக்கிறது, நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியது நிற்பதை. பறவை எழும்பினால் உட்காருகிற நாய், துப்பாக்கி இல்லாத உங்கள் கொள்ளுக்காட்டுக்கும் ரொம்பப் பொருத்தமான நாய்.

அதை இன்றைக்கே சோற்றுத் தட்டில் தொடங்கலாம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குட்டி உட்காரும் வரை பேசாமல் நில்லுங்கள். உட்கார்ந்ததும் "உட்காரு" என்று ஒருமுறை சொல்லித் தட்டை வையுங்கள். சில நாளில் தட்டைப் பார்த்ததுமே உட்காரும். அப்புறம் தட்டை வைத்த பிறகும் நீங்கள் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும் என்று ஆக்குங்கள், முதலில் ஒரு மூச்சு நேரம், பிறகு கொஞ்சம் கூட. இதற்கு மேல் விசிலைச் சேர்த்துக்கொள்ளலாம். நீளமாக ஒரு ஊதல் என்றால் இருக்கிற இடத்தில் உட்கார வேண்டும். குட்டையாக நாலைந்து ஊதல் என்றால் வர வேண்டும். காற்று அடிக்கிற காட்டில் வாய்ச்சொல் போய்ச் சேராது, நம் கோபமும் பதற்றமும் மட்டும் சேரும். விசிலுக்குக் கோபம் கிடையாது. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் "உட்காரு" என்று சொல்லி, அம்மா "சிட்" என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பையன் ஹிந்தியில் ஏதோ சொன்னால் நாய் என்ன செய்யும்?

கூப்பிட்டால் வருவதற்கு ஒரே தந்திரம்தான். அதன் பின்னால் ஓடாதீர்கள், எதிர்ப்பக்கம் ஓடுங்கள். அது உங்களைத் துரத்தி வரும். வந்ததும் கொஞ்சுங்கள். செருப்பைக் கடித்துவிட்டு வந்தாலும் கொஞ்சத்தான் வேண்டும். கூப்பிட்டு வரவழைத்து ஓர் அடி போட்டீர்கள் என்றால், அடுத்த தடவை காட்டின் அந்த முனையில் நின்று உங்களை யோசனையோடு பார்க்கும். மின்சார அதிர்ச்சி தருகிற கழுத்துப்பட்டையை இணையத்தில் விற்கிறார்கள். ஸ்பேனியல் மெல்லிய மனசுள்ள இனம், வேண்டவே வேண்டாம்.

கட்டில் விவகாரத்துக்கு வருகிறேன். எடுத்ததைப் பதுக்குவது திருட்டுத்தனம் இல்லை. கிடைத்ததை நீங்கள் பிடுங்கிக்கொள்வீர்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் நீளமான சந்து இருந்தால் அங்கே பழக்குங்கள். ஒரு முனையில் நீங்கள், மறுமுனை அடைப்பு. பழைய காலுறைக்குள் துணி திணித்து முடிச்சுப் போட்டால், பறவைக்குப் பதிலாகக் கவ்வ நல்ல டம்மி. தூக்கிப்போட்டால் எடுத்துக்கொண்டு திரும்பி வர ஒரே வழிதான் இருக்கும், அந்த வழியில் நீங்கள் குந்தி உட்கார்ந்திருப்பீர்கள். வந்ததும் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோகாமல் மார்பையும் காதடியையும் தடவுங்கள். டம்மி வாயிலேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும். அப்புறம் அடியில் கை கொடுத்தால் தானே விடும். இழுத்து விளையாடுகிற விளையாட்டை நிறுத்திவிடுங்கள், வாய் முரடாகும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று வீச்சு போதும். இன்னும் வேண்டும் என்று அது கேட்கும்போதே முடித்துவிட வேண்டும்.

ஆனால் இதற்கு இப்போது அவசரப்படாதீர்கள். நான்கு மாதம் என்றால் பால்பல் விழுகிற நேரம், ஆறு ஏழு மாதம் வரை போகும். ஈறு வலிக்கும்போது கவ்வச் சொன்னால் கவ்வுவதே வலி என்று பதிந்துவிடும். அதுவரை உட்காரு, வா, அவ்வளவுதான். அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பல் முளைத்ததும் டம்மியை வீசிவிட்டுக் குட்டியை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒரு தடவை நீங்களே நடந்துபோய் எடுத்து வாருங்கள். விழுகிறதெல்லாம் நமக்கில்லை என்று அது புரிந்துகொள்ள வேண்டும். துரத்துகிற புத்தி அடங்குவது இங்கேதான். பிறகு டம்மியின் மேல் நாட்டுக்கோழி இறகுகளை நூலால் சுற்றுங்கள். கொள்ளு அறுத்த காட்டில், குட்டி பார்க்காதபோது ஒளித்து வையுங்கள். காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக நடந்து, நீங்கள் இடமும் வலமுமாக வளைந்து போனால் அதுவும் உங்களுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகத் தேடும். ஓரத்துக்குப் போனதும் இரண்டு சின்ன ஊதல், மறுபக்கம் திரும்ப வேண்டும். உங்களை விட்டு 15, 20 மீட்டருக்கு மேல் போக விடாதீர்கள். அந்தத் தூரக்கணக்கு துப்பாக்கியின் எல்லையை வைத்து வந்தது. நமக்குத் துப்பாக்கி இல்லாவிட்டாலும் நாய் கண்ணுக்குள் இருக்கும். ஆடிக்காற்றில் நம் ஊரில் இதைச் செய்து பாருங்கள், டம்மியின் வாசனை எங்கே குறுக்கிட்டது என்பது குட்டியின் வாலிலேயே தெரியும். மோப்பக் காக்கர்களை வெளிநாட்டுப் போலீஸ் வெடிமருந்து தேடவும் போதைப்பொருள் தேடவும் வைத்திருக்கிறது, அதற்கும் அடிப்படை இதே விளையாட்டுதான்.

இந்தப் பழக்கம் எல்லாம் அறுவடை முடிந்த திறந்த காட்டிலும் வீட்டு வாசலிலும் நடக்கட்டும். கரட்டுப் பக்கம் போகும்போது கயிறு கட்டாயம். கௌதாரி புதரடியில் தரையில்தான் முட்டையிடுகிறது, விளையாட்டாக ஓடுகிற குட்டி ஒரு நிமிடத்தில் கூட்டைக் கலைத்துவிடும். சிறுத்தை நடமாட்டம் உள்ள கிராமம் என்றால் இருட்டிய பின் வெளியே கட்டிப் போடவே கூடாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

வெடிச்சத்தம்: பழக்கவே வேண்டாம். காதருகே வெடி போட்டு 'பயத்தைத் தெளிய வைக்கிற' ஆட்கள் இருக்கிறார்கள், அப்படித் தெளிந்த நாயை நான் பார்த்ததில்லை, வெடிக்கு ஆயுளுக்கும் நடுங்குகிற நாய்களைப் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் உள்ளறையில் மின்விசிறி போட்டு, பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

மாமாவிடம் சொல்லுங்கள்: ராஜபாளையம் நல்ல நாய், ஆனால் பழக்கம் வேறு. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற நாய்கள், ராஜபாளையம் உடல் வலுவுக்கும் காவலுக்கும் பேர்போனது. புதருக்குள் நுழைந்து மூக்கால் தேடி, எடுத்ததைக் கசங்காமல் கையில் கொடுக்கிற வேலைக்கு அவை வரவில்லை. அதோடு அந்த நாய்களை வைத்து முயல் பிடித்தாலும் இதே சட்டம், இதே மூன்று ஆண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். வெயிலில் மூச்சிரைக்கிற நாய்க்கு மோப்பமும் வேலை செய்யாது, அந்த முடியோடு சூடும் தாங்காது. காக்கரின் தொங்கு காதுக்குள் காற்று புகாது, ஈரம் தங்கிப் புண்ணாகும். காட்டிலிருந்து வந்ததும் காதைத் தூக்கிப் பாருங்கள், விரலிடுக்குகளையும் பாருங்கள், ஒட்டுப்புல்லின் முள் உள்ளே இறங்கியிருக்கும். தலையை ஒரு பக்கமாகவே ஆட்டினாலோ காதைச் சொறிந்துகொண்டே இருந்தாலோ வீட்டு எண்ணெய் எதையும் ஊற்றாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணியை வைத்தே காய்ச்சல் வரும், மாதாமாதம் மருந்து போட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதமே போட்டிருக்க வேண்டும். விற்றவர் கொடுத்த அட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தச் சனிக்கிழமையே பாலக்கோட்டில் போட்டுவிடுங்கள்.