தோட்டம் தாமான் ஆகும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தாமானை (வீடமைப்புப் பகுதியை) ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் மரங்களைச் சாய்க்கிறார்கள். 300 ஏக்கரில் புதிய நகரியம் என்று பலகையும் வைத்தாயிற்று. எல்லையோரம் குடியிருக்கும் எங்களுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. இது முறையா, ஐயா?
– ஒரு வாசகர், புக்கிட் ரோத்தான்

பதில்: கடிதம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து அனுமதி செல்லாது என்று வாதாட முடியாது. 1976ஆம் ஆண்டு நகர், ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) 21(6)ஆம் பிரிவு, பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்துமூலம் தெரிவித்து 21 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. ஆனால் அது உள்ளூர்த் திட்டம் (‘ரன்சாங்கான் தெம்பாத்தான்’, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) இல்லாத இடங்களுக்குத்தான். திட்டம் இருக்கும் ஊரில், அதன் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தபோதே உங்களைக் கேட்டாகிவிட்டது என்பது சட்டத்தின் கணக்கு. அந்தப் பார்வைக் காலம் குறைந்தது 4 வாரம். தோட்டப் புறங்களில் பலரும் கோட்டை விடுவது இந்த 4 வாரத்தைத்தான். மாநில விதிகளில் கூடுதல் உரிமை உண்டா என்று ஊராட்சி மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதும் செய்ய வேலை இருக்கிறது. மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் அந்த லாட் (நிலத்துண்டு) எந்தப் பயன்பாட்டுக்கான நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இன்னும் விவசாயம் என்றே இருந்தால், திட்டத்துக்கு முரணான மேம்பாட்டுக்கு அனுமதி தர 22(4)ஆம் பிரிவு இடம் கொடுக்காது. முதலில் திட்டத்தைத் திருத்த வேண்டும், திருத்தத்தையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 300 ஏக்கர் என்பது சுமார் 121 ஹெக்டர். 100 ஹெக்டரைத் தாண்டிய புதிய நகரியத்துக்குத் தேசிய நில அமைப்புத் திட்ட மன்றத்தின் ஆலோசனையும் பெற்றிருக்க வேண்டும். அனுமதியே இல்லாமல் வேலை நடந்தால், 26ஆம் பிரிவின்கீழ் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அடுத்தது மண் வேலைத் திட்டம். சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) 70A பிரிவின்படி இதற்கும் மன்ற அனுமதி தேவை. அதில், வீடு கட்ட மண் நிரப்பி எழுப்பும் மேடையின் மட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் வீட்டு வாசலைவிட ஒரு மீட்டர் உயர்த்தி மண் கொட்டினால், அதுவரை செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஊறிப்போன மழைநீர் உங்கள் பக்கம் இறங்கும். தோட்டத்து மண்கால்வாய்களை மூடுவதற்கு முன்பே நீர்தேக்கக் குளம் தோண்டப்பட வேண்டும். கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவிட்டால் இடையில் வரும் ஒவ்வொரு மழைக்காலமும் உங்களுக்கு வெள்ளம். ஆட்சேபக் கடிதத்தில் ‘வெள்ளம் வரும்’ என்று பொதுவாக எழுதாமல் எந்தக் கால்வாய், எந்த மட்டம், எந்தத் தெரு என்று குறிப்பிடுங்கள். பொறியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டிய கடிதம் அதுதான்.

நீதிமன்றம் போவதென்றால், மன்றத்தின் முடிவை நீதிபதி பரிசீலிக்கும் நீதித்துறை மறுஆய்வுக்கு, அந்த முடிவு தெரிந்த நாளிலிருந்து 3 மாதம்தான். கூட்டம் கூட்டிப் பேசிக்கொண்டே அதைக் கடத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. சங்கப் பதிவும் உண்டு. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பதிவு இருப்பதால் கோவிலுக்கு ஆபத்தில்லை என்கிறார் தலைவர். சரிதானா?
– கோவில் செயற்குழுவினர் ஒருவர்

பதில்: மனம் கனக்கிறது, ஆனால் சரியல்ல. சங்கப் பதிவு கோவில் நிர்வாகத்தை அங்கீகரிக்கிறது, நிலத்தை அல்ல. எத்தனை ஆண்டு இருந்தாலும் அனுபவத்தால் மட்டும் நிலம் சொந்தமாகாது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 48, 341ஆம் பிரிவுகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. கிரான் (நில உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறதோ, நிலம் அவருடையது.

கோவிலைக் காக்கும் இடம் லேஅவுட் பிளான், அதாவது புதிய தாமானின் மனை வரைபடம். உரிமம் பெற்ற நில அளவையாளரை வைத்து மூலஸ்தானம், மடப்பள்ளி, தீமிதித் திடல், வேப்பமரம் எல்லாம் உட்பட எல்லையை அளந்துகொள்ளுங்கள். மூலஸ்தானத்தை மட்டும் அளந்து கொடுத்தால் திருவிழாவுக்குத் திடல் இருக்காது. அந்த அளவோடு மேம்பாட்டு நிறுவனத்துக்கும் மன்றத்துக்கும் எழுதி, முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டு நிலம் என்று தனி லாட்டாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். பிளானில் நிறம் அடித்தால் மட்டும் நிலம் கைக்கு வராது. தோட்ட நிலத்தை மாநிலத்திடம் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்கும், அதே நிலச் சட்டத்தின் 204D பிரிவு நடைமுறையில், பொதுப் பயன்பாட்டு லாட்டுகள் அரசிடம் போகின்றன. அப்போது 62ஆம் பிரிவின்கீழ் அதை வழிபாட்டு நிலமாக ஒதுக்கி அரசிதழில் வெளியிட வேண்டும், அல்லது கோவில் பெயருக்கே பட்டா தர வேண்டும். அரசிதழ் எண் கையில் கிடைக்கும்வரை நில அலுவலகத்துக்கு நடப்பதை நிறுத்தாதீர்கள். தமிழ்ப்பள்ளி நிலத்துக்கும் இதே கவனம் தேவை.

கேள்வி: புதிய தாமானில் வீட்டுக்கு முன்பதிவுப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: வேண்டாம். விற்பனை ஒப்பந்தத்தில் சொல்லப்பட்டதைத் தவிர எந்தப் பெயரிலும் பணம் வாங்க 1989ஆம் ஆண்டு வீடமைப்பு விதிகள் தடை விதிக்கின்றன. மேம்பாட்டாளர் உரிமம், விளம்பர அனுமதி இரண்டின் எண்களையும் கேளுங்கள். நிலத்தின் வகை விவசாயத்திலிருந்து கட்டடத்துக்கு மாறிவிட்டதா என்று நில அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். திட்டமிடல் அனுமதி கிடைத்தாலும் நிலத்தின் வகை தானாக மாறாது. தரைவீட்டுக்கு ஜாடுவால் ஜி என்ற, விதிகளில் வகுத்த விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான், சாவி தர வேண்டிய 24 மாதக் கணக்கையும் நீங்கள் தாளில் காட்டிக் கேட்க முடியும்.