ஆபீஸில் ரசீது கொடுக்காமல் விட்டேன். பிடித்த வரி திரும்பக் கிடைக்குமா?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "எனக்கு வயது 36. தனியார் நிறுவனத்தில் வேலை. 2025-26 நிதியாண்டில் மொத்தச் சம்பளம் ரூ.14,40,000. இதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, வீட்டு வாடகைப் படி 24,000. போன ஏப்ரலில் ஆபீஸில் கேட்டபோது, வழக்கம்போல பழைய வரிமுறை என்று எழுதிக் கொடுத்தேன். ஜனவரியில் ரசீதுகளைக் கேட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததால் எதையும் கொடுக்க முடியவில்லை. பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வரியாகப் போய்விட்டது. ஆபீஸ் கொடுத்த வரிச் சான்றிதழான ஃபார்ம் 16-ல் மொத்த டிடிஎஸ், அதாவது சம்பளத்தில் பிடித்த வரி, ரூ.2,11,720 என்று இருக்கிறது.

பிஎஃப் 86,400, எல்ஐசி பிரீமியம் 30,000, இரண்டு பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் 48,000, அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு 42,000 கட்டியிருக்கிறேன். இருவருமே 60 வயதைத் தாண்டியவர்கள். நாங்கள் குடியிருப்பது அப்பா பெயரில் உள்ள வீடு. வீட்டுச் செலவுக்கு மாதம் 15,000 அம்மாவுக்கு ஜிபேயில் அனுப்புகிறேன். அதை வாடகை என்று காட்டலாமா? டெபாசிட் வட்டி 21,000, சேமிப்புக் கணக்கு வட்டி 4,000 வந்திருக்கிறது. வங்கி வரி பிடிக்கவில்லை, அப்படியென்றால் காட்ட வேண்டாம்தானே? கூட வேலை பார்ப்பவருக்கு ஒரு ஏஜெண்ட் பிடித்த வரி முழுவதையும் வாங்கிக் கொடுத்தாராம். 10 சதவீதம் கமிஷன். நானும் அவரிடம் போகலாமா?"

முதலில் உங்கள் கவலையைக் குறைக்கிறேன். ஆபீஸில் ரசீது கொடுக்காததால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. ஆபீஸ் பிடித்தது உத்தேச வரிதான். உண்மையான வரி எவ்வளவு என்பது நீங்கள் தாக்கல் செய்யும் ரிட்டர்னில்தான் முடிவாகும். ஜனவரியில் கொடுக்காத ரசீது உங்கள் கையில் இருந்தால், எல்ஐசி, காப்பீடு, ஃபீஸ் எல்லாவற்றையும் இப்போது ரிட்டர்னில் நேரடியாகக் கோரலாம்.

அதைவிட முக்கியமான விஷயம், ஆபீஸில் எந்த வரிமுறையைச் சொன்னீர்கள் என்பதும் உங்களைக் கட்டுப்படுத்தாது. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஒவ்வோர் ஆண்டும் ரிட்டர்ன் போடும்போது, கழிவுகள் அதிகமுள்ள பழையதா, கழிவுகள் குறைந்து வரி விகிதமும் குறைந்த புதியதா என்று தேர்ந்தெடுக்கலாம். ஆபீஸில் பழையது என்று சொல்லிவிட்டு ரிட்டர்னில் புதியதற்குப் போவதில் எந்தத் தவறும் இல்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் முதலில் போட்டுப் பார்த்த கணக்கு இதுதான். வாருங்கள், சேர்ந்தே போடுவோம்.

பழைய முறை: சம்பளம் 14,40,000, வட்டி 25,000, ஆக 14,65,000. இதில் சம்பளக்காரர்களுக்கு ரசீது இல்லாமலே கிடைக்கும் நிலைக்கழிவு 50,000. பிஎஃப், எல்ஐசி, ஃபீஸ் மூன்றும் சேர்ந்து 1,64,400 வருகிறது. ஆனால் இவற்றுக்கான 80சி பிரிவில் உச்சவரம்பு 1,50,000தான். பெற்றோரின் காப்பீடு 42,000 முழுவதும் மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி பிரிவில் கழியும், ஏனென்றால் மூத்த குடிமக்களான பெற்றோருக்கு அங்கே 50,000 வரை இடம் உண்டு. சேமிப்புக் கணக்கு வட்டி 4,000-க்கும் விலக்கு இருக்கிறது. மீதி 12,19,000. வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ் உட்பட இதற்கு வரி ரூ.1,85,328.

புதிய முறை: அதே 14,65,000-ல் நிலைக்கழிவு 75,000 மட்டும். மீதி 13,90,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மிச்சம் 1,90,000-க்கு 15 சதவீதம், 28,500. மொத்தம் 88,500, செஸ் சேர்த்து ரூ.92,040.

அதாவது, ஒரு ரசீதுகூடக் காட்டாத புதிய முறையில் உங்கள் வரி, எல்லா ரசீதும் காட்டும் பழைய முறையின் வரியில் ஏறக்குறையப் பாதிதான். 2,11,720-ல் 92,040 போக, ரூ.1,19,680 உங்களுக்கு ரீஃபண்டாக வர வேண்டும். ஜூலை 31 கெடுவுக்குள் தாக்கல் செய்தால் ஏப்ரல் 1-லிருந்து மாதம் அரை சதவீத வட்டியும் சேர்த்துத் தருவார்கள். அந்த வட்டியை மட்டும் அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டும்.

இப்போது வாடகைக்கு வருகிறேன். பெற்றோருக்கு வாடகை கொடுத்து வீட்டு வாடகைப் படி விலக்கு கோருவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அது உண்மையான வாடகையாக இருக்க வேண்டும். வீடு அப்பாவுடையது, பணம் போவது அம்மாவுக்கு, கொடுப்பது மளிகைக்கும் கரண்ட் பில்லுக்கும். இது வாடகை இல்லை. ஆண்டு முடிந்த பிறகு உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதி, பழைய தேதியில் ரசீது தயாரிப்பது போலி ஆவணம்தான். அதை நான் யாருக்கும் செய்து கொடுத்ததில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பேன் எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த வாடகை அப்பாவின் ரிட்டர்னிலும் வருமானமாக வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று துறையால் எளிதாகப் பார்த்துவிட முடியும்.

சரி, உண்மையான வாடகையாகவே இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான் விலக்கு. ஆபீஸ் கொடுத்த படி 2,88,000. அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம், அதுவும் 2,88,000. சென்னையாக இருந்தால் 50 சதவீதம், கோவைக்கு 40. கொடுத்த வாடகை 1,80,000-லிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதமான 72,000-ஐக் கழித்தால் 1,08,000. இதுதான் குறைவு. இதையும் பழைய முறையில் கழித்தால் வரி 1,51,632 ஆகும். அப்போதும் புதிய முறையைவிட ஏறக்குறைய 60,000 கூடுதல். இந்த வாடகைக் கேள்வி உங்களை எத்தனை நாள் அரித்ததோ தெரியவில்லை. உங்கள் கணக்கில் அதற்கு வேலையே இல்லை.

உங்கள் வருமானத்துக்குப் பழைய முறை லாபமாக வேண்டும் என்றால், நிலைக்கழிவு போக இன்னும் ரூ.5,35,000-க்கு மேல் கழிவுகள் இருக்க வேண்டும். சென்னையில் பெரிய வாடகை கொடுத்துக்கொண்டு, சொந்த ஊரில் வீட்டுக் கடனுக்கு 2 லட்சம் வட்டியும் கட்டி, 80சி-யையும் நிரப்புகிறவர்களுக்கு அது சாத்தியம். அப்படிப்பட்டவர்கள் ஜூலை 31-க்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். கெடு தாண்டினால் அவர்களுக்குப் பழைய முறை கிடையாது. 80சி மட்டும் நிரம்பிய பெரும்பாலானோருக்குப் புதியதுதான் நல்லது.

வட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தத் தவறு நிறையப் பேரிடம் இருக்கிறது. ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000-ஐத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. உங்கள் 25,000-மும் வருமானம்தான். மேலே கணக்கில் சேர்த்துவிட்டேன். அதனால் கூடும் வரி ரூ.3,900. விட்டுவிட்டால் உங்கள் வருமான விவரங்களைத் திரட்டிக் காட்டும், வருமான வரி இணையதளத்தில் உள்ள ஏஐஎஸ் அறிக்கையில் அது தெரியும், பிறகு கேட்டுக் கடிதம் வரும். 3,900 ரூபாய்க்காக அந்தத் தலைவலி வேண்டாம்.

ஏஜெண்ட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். உங்களுக்கு 2,11,720-ம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்றால் வரி பூஜ்யம் ஆக வேண்டும். புதிய முறையில் கழிவுகளைச் சொருக இடமில்லை, ஆகவே பழைய முறையில் வருமானத்தை, வரி வராத 5 லட்சத்துக்குக் கொண்டுவருவார். அதற்கு உங்கள் உண்மையான கழிவுகள் போக, இன்னும் ரூ.7,19,000-க்குப் பொய் எழுத வேண்டும். இல்லாத வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, எடுக்காத கல்விக் கடன், வீட்டில் யாருக்கும் இல்லாத நோய் என்று எழுதுவார்கள். 2025 ஜூலையில் இப்படிப்பட்ட போலிக் கழிவுகளைக் குறிவைத்து வருமான வரித்துறை பல மாநிலங்களில் சோதனை நடத்தியது, தமிழ்நாடும் அதில் ஒன்று. அதற்கு முந்தைய 4 மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களே ரிட்டர்னைத் திருத்தி, ரூ.1,045 கோடி பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாகத் துறை அப்போது அறிவித்தது.

பிடிபட்டால் வரியும் வட்டியும் கட்டியாக வேண்டும். அதற்கு மேல், தவறான தகவல் கொடுத்துக் குறைத்த வரிக்கு 200 சதவீதம் அபராதம். பொய்களை நீக்கிவிட்டால் பழைய முறையில் உங்கள் வரி 1,85,328. அதற்கு இரண்டு மடங்கு எவ்வளவு என்று பாருங்கள். ஏஜெண்டுக்கு அதில் பங்கில்லை, ரிட்டர்ன் உங்கள் பெயரில் இருக்கிறது. பலர் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் தங்களுடையதையே கொடுத்துவிடுவார்கள், நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும். பொய் இல்லாமலேயே 1,19,680 உங்களுக்கு வரப்போகிறது. அவரிடம் போகாதீர்கள்.

தாக்கல் செய்வது உங்களுக்குக் கடினமாக இருக்காது. வேறு வருமானம் இல்லை என்றால் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். பங்கு வாங்கிக் குறுகிய காலத்தில் விற்றிருந்தால் ஐடிஆர்-2. ஃபார்ம் 16-ல் உள்ள டிடிஎஸ் தொகையும் உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் உள்ள தொகையும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். அங்கே குறைந்தால் ரீஃபண்டும் குறையும், ஆபீஸில் கேட்டுச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். புதிய முறையிலிருந்து விலகுகிறீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று கொடுங்கள். உங்கள் ஃபார்ம் 16 பழைய முறையில் இருப்பதால் இந்த இடத்தில் கவனம் தேவை. அதில் உள்ள 80சி தொகை புதிய முறையில் தானாக விலகிவிடும், பயப்பட வேண்டாம். ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்திலேயே சரிபார்த்து வையுங்கள். கடைசியில் ஆதார் ஓடிபி மூலம் உறுதிசெய்ய 30 நாள் அவகாசம் உண்டு. நிறையப் பேர் ரிட்டர்னை அனுப்பிவிட்டு இதை மறந்து, ரீஃபண்ட் வரவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். உறுதிசெய்யாத ரிட்டர்ன் செல்லாது. அதே நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

2025-ல் கெடுவை செப்டம்பர் 16 வரை நீட்டினார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஜூலை 31-ஐயே மனதில் வையுங்கள். தாமதித்தால் உங்கள் வருமானத்துக்கு 5,000 ரூபாய் கட்டணம்.

ஒரு வேண்டுகோள். புதிய முறையில் விலக்கு இல்லை என்பதற்காக அப்பா அம்மாவின் காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கிவிட்டது, பிரீமியத்திலேயே அந்தச் சலுகை கிடைக்கிறது.

இந்த நிதியாண்டுக்குச் செய்ய வேண்டியவை இரண்டு. ஆபீஸில் இன்னும் பழைய முறை என்றே இருந்தால் மாற்ற முடியுமா என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள். நடுவில் மாற்ற மாட்டோம் என்று சொன்னாலும் கவலையில்லை, ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம். பணம்தான் ஒரு வருடம் முடங்கும். அடுத்தது, நிறுவனம் உங்கள் பெயரில் என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கில் பணம் போடுமா என்று விசாரியுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை நிறுவனம் போடும் தொகைக்குப் புதிய முறையிலும் கழிவு உண்டு. உங்களுக்கு அது 1,00,800. மிச்சமாகும் வரி ஏறக்குறைய 15,700. ஆனால் அந்தப் பணம் ஓய்வுபெறும் காலம் வரை பெரும்பாலும் பூட்டியே இருக்கும். கைச்செலவுக்கு நெருக்கடி இருந்தால் இதைத் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம், ஏஜெண்டிடம் போன உங்கள் ஆபீஸ் நண்பர். அவர் ரிட்டர்னில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரே தளத்தில் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பொய்க் கழிவு இருந்தால், நோட்டீஸ் வருவதற்கு முன்பே ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்னைத் தாக்கல் செய்து, விடுபட்ட வரியையும் வட்டியையும் கூடுதல் வரியையும் கட்டிவிடலாம். இதற்கு இப்போது 4 ஆண்டு அவகாசம் இருக்கிறது. முதல் ஆண்டுக்குள் முடித்தால் கூடுதல் வரி 25 சதவீதம், அடுத்த ஆண்டுக்குப் போனால் 50, பிறகு 60, 70. அவர் தள்ளிப்போடாமல் இந்த மாதமே போய்ப் பார்க்கட்டும்.